மழைக்கு எடுக்காத சட்டை

மேட்டுக் காலனி, ஆரம்பாக்கம்
4.5.2025

மாதா துணை.

அன்பான அண்ணனுக்குத் தங்கை கங்கம்மா எழுதுவது. இங்கே நான் இருக்கிறேன். நலம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் இருக்கிறேன் என்றே எழுதுகிறேன். நீயும் மகள் ஏஞ்சலினும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போன் போட்டால் உனக்குக் காது கேட்பதில்லை. நான் கத்துகிற கத்தலில் தெருவே எட்டிப் பார்க்கிறது. ரோலிங் மில்லுக்குக் கொடுத்த காது திரும்பியா வரும். நான் படித்த அஞ்சாங்கிளாஸ் இதற்காவது உதவட்டும் என்று பேனாவை எடுத்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயம் இதுதான். நம் ஏரிக்கரை மக்கள் சங்கத்துக்கு இருபத்தைந்து வருஷம் ஆகிறதாம். செப்டம்பரில் வெள்ளி விழா வைக்கிறார்கள். தலைவர் வீரராகவன் சார் திருவள்ளூரிலிருந்து வந்து வீடு வீடாகப் போய்ச் சொன்னார். வாத்தியார் வேலையை விட்டும் அந்தக் கறுப்புக் குடையை விடவில்லை மனுஷன். நம் வீட்டுக்கும் வந்தார். சங்கத்தை ஆரம்பித்தவன் நீ, சாயக் கம்பெனியை மூடவைத்தவன் நீ, மேடையில் உனக்கு மரியாதை செய்யாமல் விழா எப்படி என்றார். கம்பெனித் தண்ணீராலும் புகையாலும் செத்துப்போன ஊர் ஜனங்களின் படத்தை வரிசையாக வைத்து, மாலை போட்டு, விளக்கு ஏற்றப்போகிறார்களாம்.

நான் கேட்டேன். "சார், எம் புள்ள படத்தையும் வைப்பீங்களா?"

டீயைக் கையில் வைத்துக்கொண்டு டீயையே பார்த்தார். "அது கமிட்டில பேசணும்மா. உங்களுக்கே தெரியும்" என்றார்.

எனக்கே தெரியும். இம்மானுவேல் அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தான். சர்க்காரில் ஜனங்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்ட அன்றைக்கு மைக்கைப் பிடித்து, கம்பெனியை மூடாதீங்க என்று பேசினான். அதே பந்தலில் நான் காலிக் குடத்தோடு சங்கத்துப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் சரி அண்ணா. ஆனால் கம்பெனி மூடினதால்தானே அவன் குஜராத் போனான். அங்கேயும் கெமிக்கல் வேலைதான். தொட்டி கழுவ உள்ளே இறங்கினவன் பெட்டியில் வந்து சேர்ந்தான். அவனும் கம்பெனியால் செத்தவன்தானே.

நீ ஒரு வரி எழுதினால் கமிட்டி கேட்கும். எழுதுவாயா? அவன்மேல் உனக்கு இன்னும் கோபம் இருக்கிறதா, அதையும் எழுது.

உன் தங்கை
கங்கம்மா


பள்ளிப்பட்டு
20.5.2025

தங்கச்சி கங்கம்மாவுக்கு அண்ணன் பாக்கியநாதன் ஆசீர்வாதம். கடிதம் கிடைத்தது. உன் எழுத்து இன்னும் கோழி கிளறினதுபோலத்தான் இருக்கிறது. ஆனாலும் படித்துவிட்டேன். முழங்கால் வலி தேவலையா? எண்ணெய் தேய்க்கிறாயா, இல்லை பாட்டிலை அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாயா?

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஏஞ்சலின் வீட்டுக்குப் பின்னால் மாந்தோப்பு. காய் பூராவும் ஆந்திரா லாரியில் ஏறிப் போகிறது. பேரன் எனக்குக் காது மிஷின் வாங்கி மாட்டிவிட்டான். மாட்டினால் மனுஷன் பேச்சு கேட்பதில்லை, காக்கா கத்துவது மட்டும் நன்றாகக் கேட்கிறது. கழற்றி வைத்துவிட்டேன். கடைத்தெருவில் பாதிப் பேர் தெலுங்கு பேசுகிறார்கள். செவிடனுக்கு எந்தப் பாஷையானால் என்ன.

விழாவுக்கு வர உடம்பு ஒத்துக்கொள்கிறதா பார்க்கலாம். வீரராகவன் சாருக்கு என் வணக்கத்தைச் சொல். வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்
பாக்கியநாதன்


மேட்டுக் காலனி
8.6.2025

அண்ணனுக்குக் கங்கம்மாவின் வணக்கம். உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. எண்ணெய் தீர்ந்துபோயிற்று, வலி தீரவில்லை.

மாங்காயைப் பற்றி எழுதினாய், காக்காயைப் பற்றி எழுதினாய். நான் கேட்டதற்குப் பதில் எழுதவில்லை. மறந்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டு மறுபடி எழுதுகிறேன்.

அன்றைக்குக் குழாயடியில் அவ்வளவு பேர் பார்க்க நீ அவனை என்ன பேச்சுப் பேசினாய். "கம்பெனி போடற எலும்புக்கு வாலாட்டற நாயி, இனிமே எம் மூஞ்சில முழிக்காத" என்றாய். அவன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, "நீ இன்னா பெரிய தலைவரா? போயா" என்றான். பிறந்ததிலிருந்து உன்னை மாமா என்றே கூப்பிட்ட வாய் அது. அந்தப் "போயா" எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. அதற்கப்புறம் ஓடைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் நீ. கூப்பிடுகிற தூரம், கூப்பிட ஆளில்லை.

சமாதானம் ஆகட்டும் என்று கருவாட்டுக் குழம்பு வைத்து உனக்குக் கொடுத்தனுப்பினேன். கிண்ணம் கழுவித் திரும்பி வந்தது. ஒரு வார்த்தை வரவில்லை. குழம்பைக் கொட்டிவிட்டாய் என்றுதான் நினைத்தேன். ஒவ்வொரு பண்டிகைக்கும் இரண்டு பேரையும் ஒன்று சேர்க்கப் பார்த்தேன். கிறிஸ்துமஸ் பூசையில் நீ முன் பெஞ்சு, அவன் கடைசி பெஞ்சு. நடுவில் நான் முழங்கால் போட்டு யாருக்காக ஜெபிப்பது என்று தெரியாமல் இருந்தேன்.

அடக்கத்துக்கு வந்தாய். ஆனால் கல்லறைத் தோட்டத்துக் கேட்டில் நின்றுவிட்டாய். உள்ளே வரவில்லை. மண் போடத் தாய்மாமன் எங்கே என்று சாமியார் கேட்டார். நான்தான் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினேன். அடுத்த வாரமே வீட்டைப் பூட்டிவிட்டுப் பள்ளிப்பட்டு போய்விட்டாய்.

தண்ணீர் லாரி வரிசையில் இன்றைக்கும், "கம்பெனிக்காரன் அம்மா வருது, வழி வுடுங்க" என்கிறார்கள். செத்துப்போனவன் பேரில் சிரிக்கிறார்கள். படம் ஒன்று அந்த வரிசையில் இருந்தால் அந்தப் பேச்சு நிற்கும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். நீ எழுதிக்கொடுத்தால் வைக்கிறோம் என்று வீரராகவன் சாரும் சொல்லிவிட்டார்.

பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

கங்கம்மா


பள்ளிப்பட்டு
19.7.2025

தங்கச்சிக்கு ஆசீர்வாதம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கண்ணில் புரை என்கிறார்கள். ஆபரேஷன் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். இங்கே இரண்டு மழை பெய்தது. வேர்க்கடலை போட்டிருக்கிறார்கள்.

எனக்கு அவன்மேல் கோபம் இல்லை.

படம் விஷயத்தை விட்டுவிடு கங்கம்மா. அவன் இதைக் கேட்டிருக்க மாட்டான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பாக்கியநாதன்


மேட்டுக் காலனி
3.8.2025

அண்ணனுக்கு,

நலமா என்று கேட்கவேண்டும். கேட்கிறேன். நலமா?

அவன் கேட்டிருக்க மாட்டான் என்று உனக்கு எப்படித் தெரியும்? ஆறு வருஷம் அவனோடு பேசாதவன் நீ. பக்கத்தில் இருந்து சோறு போட்டவள் நான். அவன் என்ன கேட்பான், கேட்கமாட்டான் என்று எனக்கே தெரியவில்லை. கோபம் இல்லை என்று எழுதினாய். கோபம் இல்லாதவன் ஒரு வரி எழுத இவ்வளவு யோசிப்பானா? இதற்கு மேல் உன்னைக் கெஞ்சமாட்டேன்.

அவனுடைய துணிப்பெட்டி போன வாரம்தான் குஜராத்திலிருந்து வந்தது. பார்சல் ஆபீசிலேயே இத்தனை மாசம் கிடந்ததாம். சீப்பு, ஜெபமாலை, இரண்டு லுங்கி. அடியில், நம்ப மாட்டாய், பழைய சாயக் கம்பெனியின் நீலச் சட்டை. அந்தக் கம்பெனி மூடியே போயிற்று, இதை எதற்கு அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு போனான் தெரியவில்லை. காலர் நைந்துபோய்விட்டது. மோந்து பார்த்தேன். பெட்டி வாசனைதான் வந்தது.

அந்தச் சட்டையால் எனக்கும் அவனுக்கும் நடக்காத சண்டையா. ஊரெல்லாம் மழை கறுத்தால் துணியை எடுக்கும். இவன் மழை கறுத்தால் சட்டையை அலசிக் கொண்டுபோய்க் கொடியில் போடுவான். "எவனாவது மழையில துணி காய வப்பானாடா?" என்று நான் ஓடிப்போய் எடுத்து உள்ளே போடுவேன். "காயறதுக்கு இல்லம்மா, மழைத் தண்ணியில அலசினாத்தான் கெமிக்கல் நாத்தம் போவும். எடுக்காத" என்று மறுபடி கொண்டுபோய்ப் போடுவான். அவன் அந்தாண்டை போனதும் நான் மறுபடி எடுத்துவிடுவேன். பிடிவாதத்தில் இரண்டு பேரும் ஒரே அச்சு.

இப்போது மடித்து அவன் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

கங்கம்மா


மேட்டுக் காலனி
7.9.2025

அண்ணனுக்கு வணக்கம். நலம் விரும்புகிறேன்.

என் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. அதனால் இதைச் சுருக்கமாக எழுதுகிறேன். கமிட்டி கூடிப் பேசி, இம்மானுவேல் படம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா, ஜனங்க மனசுன்னு ஒண்ணு இருக்குதுல்ல" என்று வீரராகவன் சார் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். இந்தத் தடவை டீ கூடக் குடிக்கவில்லை.

21ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை விழா. உன் பெயரைப் பெரிதாக நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். வா. மேடைக்காக வராவிட்டாலும் என்னைப் பார்க்க வா.

கங்கம்மா


பள்ளிப்பட்டு
15.9.2025

அன்புள்ள அத்தைக்கு ஏஞ்சலின் எழுதுவது. நாங்கள் சுகம். உங்கள் கால் எப்படி இருக்கிறது?

அப்பாவுக்கு நாலு நாளாகக் காய்ச்சல். ஊசி போட்டிருக்கிறோம். பஸ்ஸில் அவ்வளவு தூரம் வரமுடியாது. சங்கத்தில் சொல்லிவிடுங்கள் அத்தை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. நீங்கள் ஆகஸ்டில் எழுதின கடிதத்தை அப்பா சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். துவைக்கப் போடும்போது எடுத்து மறு சட்டைப் பையில் வைக்கிறார். பதில் எழுத உட்காருகிறார், பேப்பரைப் பார்க்கிறார், எழுந்து மாந்தோப்புப் பக்கம் போய்விடுகிறார். என்னவென்று கேட்டால் காது கேட்காதது மாதிரி இருக்கிறார். அவருக்கு எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று எனக்கே புரிவதில்லை. உங்களுக்காவது தெரியுமா?

அன்பு மருமகள்
ஏஞ்சலின்


மேட்டுக் காலனி
24.9.2025

மாதா துணை.

அண்ணா, காய்ச்சல் விட்டதா? கஞ்சி குடிக்கிறாயா? இதை ஏஞ்சலினிடம் படிக்கக் கொடுக்காதே. நீயே படி. கண் தெரியாவிட்டால் வெளிச்சத்தில் வைத்துப் படி.

விழா நன்றாக நடந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். ஊர் ஊராக ஜனங்கள். எல்லாருக்கும் பச்சைத் துண்டு, ஒரு மரக்கன்று, தக்காளி சாதம். குடிக்கத் தண்ணீர் பாக்கெட்தான். நல்ல தண்ணீருக்காக இருபத்தைந்து வருஷம் கத்தின சங்கம், இன்னும் பாக்கெட் தண்ணீர்தான் கொடுக்கிறது என்று பக்கத்தில் ஒருத்தி சொல்ல எல்லாரும் சிரித்தோம். படங்களுக்கு விளக்கு ஏற்றினபோது நான் எழுந்து பந்தலுக்கு வெளியே வந்துவிட்டேன்.

வீரராகவன் சார் மைக்கில் உன்னைப் பற்றித்தான் அதிகம் பேசினார். "கம்பெனிக்காரன் எப்ப மழை வரும், எப்ப கழிவைத் தெறந்து வுடலாம்னு பாத்துக்கினு இருப்பான். மழையோட மழையா ஓடையில போயிடும், யாருக்கும் தெரியாதுன்னு. ஆனா நம்ம பாக்கியநாதன் கேமராவோட கரை மேல நின்னுக்கினு இருப்பாரு. அவருக்கு எப்டித்தான் மூக்குல வேர்க்குமோ" என்றார். ஜனங்கள் கை தட்டினார்கள்.

வகுப்பறை ஒன்றில் பழைய போட்டோக்களைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தேன். எல்லாம் நீ உன் பக்கத்துக் கரையிலிருந்து எடுத்தது. மழை பெய்கிறது. ஓடையில் சிவப்பாய் நுரை தள்ளிக்கொண்டு போகிறது. எல்லாரும் நுரையைப் பார்த்தார்கள். நுரைக்குப் பின்னால் நம் காலனியின் கொல்லைப்புறம் தெரிந்தது. நான் அதைத்தான் பார்த்தேன். எவள் வீட்டுக் கொடியிலும் துணி இல்லை. மழைக்கு எடுத்துவிட்டார்கள். என் வீட்டுக் கொடியில் மட்டும் ஒரு நீலச் சட்டை தொங்கி நனைகிறது.

பக்கத்துப் படத்துக்குப் போனேன். அது வேறு மழை, என் வீட்டுக்கு ஓடு மாற்றினதற்கு அப்புறம் எடுத்தது. அதிலும் சட்டை. அதற்கு அடுத்ததிலும் இருந்தது. நுரை இருக்கிற படத்தில் எல்லாம் அவன் சட்டை இருந்தது.

ஒரு மழை என்றால் மறந்தான் எனலாம். நான் படித்தவள் இல்லை அண்ணா. துணி துவைத்துக் காயப்போட்டவள். எந்தத் துணி எதற்குக் கொடியில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் நாற்று நடப் போன நாளாகப் பார்த்து, எடுக்க ஆள் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் அந்தச் சட்டை கொடியில் நின்றிருக்கிறது.

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பெண் வந்து, "இன்னாம்மா, மயக்கமா?" என்று தண்ணீர் பாக்கெட்டைப் பிய்த்துக் கொடுத்தாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். குழாயடியில் நடந்தது சண்டையா, இல்லையா? இதற்கு மாங்காய்க் கதை எழுதாதே.

கங்கம்மா


பள்ளிப்பட்டு
8.10.2025

கங்கம்மாவுக்கு,

காய்ச்சல் விட்டது. கை நடுக்கம் இருக்கிறது, எழுத்து கோணினால் படித்துக்கொள்.

சண்டை இல்லை.

யோசனை அவனுடையதுதான். கம்பெனி கேட்டில் போனைப் பிடுங்கி யாரோடு பேசினான் என்று பார்ப்பார்கள். என் வீட்டுக்கு யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று பார்க்கவும் ஆள் போட்டிருந்தார்கள். "மாமா, நீ என்னத் தெருவுல வச்சித் திட்டு. ஊரே கேக்கறா மாதிரி திட்டு. அப்பறம் எவனும் நம்மள சந்தேகப்பட மாட்டான்" என்றான். கழிவைத் திறக்கப்போகிறார்கள் என்று தெரிந்தால் சட்டை கொடிக்கு வரும். நான் கேமராவை எடுத்துக்கொண்டு கரைக்குப் போவேன். மைக்கில் அவன் பேசினானே, அது நான் எழுதிக்கொடுத்தது. "போயா" மட்டும் நாங்கள் பேசிவைத்ததில் இல்லை. அவனாகச் சேர்த்துக்கொண்டான். அன்றைக்குச் சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

குழம்பை நான் கொட்டவில்லை. வழித்துச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது என்று சொல்லி அனுப்ப முடியாது, அதனால் கிண்ணத்தை நன்றாகக் கழுவி அனுப்பினேன்.

நீ சட்டையை எடுத்துவிடுகிற நாட்களில் நான் அந்தக் கரையிலிருந்து கொடியைப் பார்த்து ஏமாந்து உட்கார்ந்திருப்பேன். அந்த வார ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே போகும்போது என் பின்னால் வந்து, வாய் அசையாமல், "சட்டைய அம்மா எடுத்துகினு பூடுச்சி" என்பான். அப்போது எனக்குக் காது கொஞ்சம் கேட்டது. அவன் என்னிடம் பேசினது இந்த ஆறு வருஷத்தில் பெரும்பாலும் அவ்வளவுதான்.

கம்பெனி மூடினபோது எனக்கு மாலை போட்டார்கள். அவன் வேலை போய் வீட்டில் இருந்தான். குஜராத்துக்குக் கிளம்பினபோது கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் எதிர் பிளாட்பாரத்தில் போய் நின்றேன். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் ஏது. அவன் பார்த்தான். கை காட்டவில்லை. பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான், அவ்வளவுதான். நீ எழுதின பிறகுதான் அந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்று தெரிந்தது.

அடக்கத்தன்றைக்குக் கல்லறைத் தோட்டத்துக் கேட்டைத் தாண்டி உள்ளே வந்திருந்தால் கதறியிருப்பேன். நான் அப்படிக் கதறினால் ஏன் என்று நாலு பேர் யோசிப்பார்கள்.

எல்லாவற்றையும் சங்கத்தில் சொல்லிவிடேன் என்பாய். சொல்லத்தான் நினைக்கிறேன். ஆனால் சட்டை இன்னும் ஒரு வீட்டில் தொங்குகிறது. வேறு கம்பெனி, வேறு பிள்ளை. கரையில் நின்று பார்ப்பதும் இப்போது வேறு ஆள். இவன் கதையைச் சொன்னால் அவன் மாட்டுவான். எந்த வீடு என்று கேட்காதே.

படித்துவிட்டு அடுப்பில் போடு.

பாக்கியநாதன்


மேட்டுக் காலனி
27.10.2025

மாதா துணை.

அன்பான அண்ணனுக்குக் கங்கம்மா எழுதுவது. கை நடுக்கம் நின்றதா? கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதே. இங்கே மழை தொடங்கிவிட்டது. என் கால் வலி மழைக்கு முந்தியே தொடங்கிவிட்டது.

உன் கடிதத்தை அடுப்பில் போட்டேன். போடுவதற்கு முன்னால் மனப்பாடம் ஆகிற அளவுக்குப் படித்தேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று நான் அழுத அழுகை எவ்வளவு. ஒருத்தனாவது என் காதில் போட்டிருக்கலாம். சொன்னால் அம்மா வாய் தாங்காது என்று நினைத்தீர்களா? அவன் சாப்பிடும்போது தலை நிமிராமல் சாப்பிடுவான். மாமனோடு பகை என்று மனசு கஷ்டப்படுகிறான் என்று நினைத்து இன்னொரு கரண்டி போடுவேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தெரிந்திருந்தால், மழை கறுத்த அன்றைக்கு அந்தச் சட்டையை என் கையால் கொண்டுபோய்ப் போட்டிருப்பேன். மகனோடு சேர்ந்து ஒரு காரியம் செய்தேன் என்றாவது இருந்திருக்கும். எடுத்து எடுத்து உள்ளே போட்டதுதான் எனக்கு மிச்சம்.

சங்கத்தில் சொல்லிவிடு என்று நான் கேட்கப்போவதில்லை. காலனியில் எந்த வீடு என்றும் நான் கேட்கவில்லை. ஆனால் கண்ணில் பட்டுவிட்டது. பேர் எழுதமாட்டேன். முந்தாநாள் மழை இருட்டிக்கொண்டு வந்தது. என் துணிகளை எடுத்துவிட்டுப் பார்த்தால் ஒரு வீட்டுக் கொடியில் வேலைக்குப் போகிறவன் சட்டை ஒன்று. பழக்க தோஷம், படலைத் திறந்துகொண்டு எடுக்கவே போய்விட்டேன். "துணி நனையுது பாரும்மா, எடுக்கறேன்" என்றேன். அந்தப் பெண் ஜன்னலில் நின்று, "நனையட்டும் அத்த. அழுக்கு ஜாஸ்தி, மழையில அலசினாத்தான் போவும்" என்றாள்.

கையை எடுத்துக்கொண்டேன். "ஆமாம்மா. அப்டித்தான் போவும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்கு மறுநாள் லாரித் தண்ணீருக்கு நின்றபோது ஒருத்தி, "கம்பெனிக்காரன் அம்மாவுக்கு முதல்ல புடிச்சி வுடுங்க" என்றாள். "ஆமாம், எம் புள்ள கம்பெனிக்காரன்தான். குடத்த வாங்கு" என்றேன். அவளே குடத்தை வாங்கிப் பிடித்துக் கொடுத்தாள். வீரராகவன் சார் வந்து அடுத்த கூட்டத்தில் படம் விஷயத்தைத் திரும்பப் பேசலாம் என்றார். "வேணாம் சார், வீட்டுலயே இருக்கட்டும்" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இந்தத் தடவை டீயை முழுசாகக் குடித்துவிட்டுப் போனார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் திருநாள். அவன் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். பூவும் மெழுகுவர்த்தியும் வாங்கிவைப்பேன். நீ வா. இந்தத் தடவை கேட்டில் நிற்காதே. உள்ளே வந்து வேண்டிய மட்டும் அழு. தங்கை மகன் கல்லறையில் தாய்மாமன் அழுவதை எவனும் யோசிக்கப்போவதில்லை. கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன். கிண்ணத்தை நான் கழுவிக்கொள்கிறேன்.

பஸ்ஸை விட்டு இறங்கிக் கரை மேல் ஏறினதும் என் கொல்லைப்புறத்தைப் பார். மழை இருந்தால் அவன் சட்டை கொடியில் இருக்கும். இனி ஒவ்வொரு மழைக்கும் போடுவதாக இருக்கிறேன். தெருவில் ஒரே ஒரு சட்டை நனைந்தால்தான் கண்ணை உறுத்தும். இரண்டு நனைந்தால், கிழவிக்கு மகன் போனதிலிருந்து புத்தி கலங்கிவிட்டது, மற்றவள் சோம்பேறி என்று போய்விடுவார்கள்.

இதை எழுதும்போதே வானம் கறுத்துவிட்டது. நடுவில் எழுந்துபோய்ச் சட்டையைப் போட்டுவிட்டு வந்துதான் முடிக்கிறேன். தூறல் பலமாகிவிட்டது. கை பரபரக்கிறது அண்ணா. ஆனாலும் எடுக்கமாட்டேன்.

உன் தங்கை
கங்கம்மா